பி.எச். குறைந்தால் பஃபர் தூளா?

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் புதிதாக வைத்தவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பி.எச். 8.3-க்குக் கீழே இறங்கினால் பவளம் செத்துவிடும், உடனே பஃபர் தூள் போடுங்கள்." தவறு. (பி.எச். என்பது நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; பஃபர் தூள் அதை ஏற்றப் போடும் காரத் தூள்.)

விளக்கு அணைந்தபின் ஒளிச்சேர்க்கை நின்று, நீரில் கரியமில வாயு கூடும், அது நீரை அமிலப் பக்கம் தள்ளுவதால் விடியற்காலையில் பி.எச். 7.8 வரை இறங்குவது வழக்கம்தான். ஏசிக்காக ஜன்னலை அடைத்த அறையில் கரியமில வாயு தேங்குவதால் இன்னும் குறையலாம். தூளைப் போட்டால் பி.எச். சற்றுநேரம் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கும். இறங்காமல் நிற்பது ஆல்கலினிட்டிதான், அதாவது அமிலத்தைத் தாங்க நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. அது எல்லை மீறினால் கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும். புதுத் தொட்டியில் பவளங்களே கொஞ்சம், கூடிய ஆல்கலினிட்டியைச் செலவழிக்க ஆளில்லை!

முதலில் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். 7 முதல் 11 டிகேஎச் (dKH, ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) வரை இருந்தால் தூள் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.