மன்னர்கள் மட்டும் கொடுத்ததல்ல

ஜெர்மனியின் கலை அருங்காட்சியகங்கள் எல்லாமே அரசர்கள் மக்களுக்குத் தந்த கொடை என்பதுபோல, அவற்றின் வரலாறு பற்றிய உங்கள் தொடர் கட்டுரை சொல்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெர்லினில் 1830-இல் திறந்த ஆல்டெஸ் மியூசியம் பிரஷ்ய மன்னர் கட்டியது, சரி. ஆனால் பிராங்க்பர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகம்? யோகான் பிரெட்ரிக் ஷ்டேடல் என்ற வங்கியாளர் 1815-இல் தன் ஓவியங்களையும் சொத்தையும் உயிலில் எழுதிவைத்ததால் வந்தது அது, கூடவே கலை படிப்பவர்களுக்கு ஒரு பள்ளியும்.

அப்புறம், அரசர்கள் இடைஞ்சலாக இருந்த கதையும் உண்டே! பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு 1896-இல் இயக்குநராக வந்த ஹியூகோ ஃபான் சூடி, மானே போன்ற பிரெஞ்சு ஓவியர்களின் படங்களைத் தனியார் நன்கொடையில் வாங்கிச் சேர்த்தார், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அது பிடிக்கவே இல்லை, மோதல் முற்றி 1909-இல் சூடி மியூனிக்குக்குப் போக வேண்டியதாயிற்று.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்ட 1937 தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி நாஜிகள் அருங்காட்சியகங்களிலிருந்து சுமார் 20,000 படைப்புகளைப் பறித்தார்கள், எஸ்ஸென் நகரின் ஃபோக்வாங் அருங்காட்சியகம் மட்டும் 1,400-க்கும் மேல் இழந்தது. அந்தப் பறிமுதலுக்காக 1938-இல் போட்ட சட்டம் போருக்குப் பிறகும் ரத்தாகவில்லை. அதனால் நாஜிகள் பறித்து விற்றுவிட்டவற்றை உரிமையோடு திருப்பிக் கேட்க வழியில்லை, தங்கள் சுவரிலிருந்து போன படங்களையே சில அருங்காட்சியகங்கள் காசு கொடுத்து மீண்டும் வாங்கின. இதை எழுதாமல் அந்த நாட்டு அருங்காட்சியக வரலாற்றை எப்படி எழுத முடியும்? தயவுசெய்து அடுத்த பகுதியிலாவது சேருங்கள்.