பெட்டிக்குள் மட்டும் பொருந்துகிற உதிரி பாகங்கள்

“அப்படியே பொருந்தும்” என்று புது ஆயில் சீல் பெட்டியின் மேல் அச்சடித்த மகானை ஒரே ஒரு முறை என் பழைய வில்லிஸ் ஜீப்பின் முன் ஆக்சிலுக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். வேறு தண்டனையே வேண்டாம்.

முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங்குகளை மாற்றியாயிற்று. மேலும் கீழும் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்து, சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற நக்கிளின் கை நுனியில் வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, கையேடு கேட்கிற இறுக்கத்தைக் கொண்டுவந்தாயிற்று. உயிரை வாங்குகிற வேலைதான், ஆனால் நியாயமான வேலை. ஷிம்மைக் குறைத்தால் இறுகும், கூட்டினால் தளரும். சொன்ன பேச்சைக் கேட்கும். பாக்கி இருந்தது நக்கிளின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற ஆயில் சீல் மட்டும். அதன் உராய்வும் சேர்ந்துகொண்டால் தராசு பொய் சொல்லும் என்பதால் அதைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். வந்தது பாருங்கள் வினை.

இரண்டு அரை வளையங்கள், அவ்வளவுதான். நக்கிளைக் கழற்றாமலே மாற்றட்டும் என்று அந்தக் காலத்துப் புண்ணியவான்கள் சீலை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். ஓர் அரையை வைத்தேன், சமர்த்தாக உட்கார்ந்தது. மற்றதை வைத்தேன். முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டு மேடு கட்டி நின்றன. சரி, போல்ட் போட்டு இழுத்தால் அமுங்கும் என்று எல்லாவற்றையும் விரலால் திருகிக்கொண்டே போனேன். கடைசி போல்ட்டுக்கு மட்டும் ஓட்டையில் பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியில் தகடு நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. எல்லாவற்றையும் தளர்த்தி, அடம்பிடித்த ஓட்டையிலிருந்தே தொடங்கினேன். அது ஏறியது. உடனே எதிர்ப்பக்கத்து ஓட்டை பாதியாயிற்று! திருப்புளியால் நெம்பினேன், தகடு நகர்ந்தது, உள்ளே இருந்த ஃபெல்ட் என்கிற கம்பளிப் பட்டை மடிந்து சுருண்டது. கழற்றி நீவி மறுபடியும் வைத்தேன். இடத்தை மாற்றினேன், திருப்பிப் போட்டேன், கெஞ்சினேன். இதற்குள் கிரீஸ் முழங்கைவரை இறங்கி, மூக்கு வேறு அரிக்கத் தொடங்கிவிட்டது.

கடைசியில் கழற்றிப்போட்ட பழைய சீலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நைந்து, கறுத்து, கல்லாகிப்போன அந்தக் கிழட்டுத் துண்டின் முனைகள் இன்றைக்கும் மயிரிழை பிசகாமல் சேருகின்றன. புதியது நீளம், கண்ணால் பார்த்தாலே தெரிகிற நீளம். விற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆக்சிலில், எவராவது மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்களா?

“கொஞ்சம் அறுத்துக்கொண்டால் போயிற்று” என்று சொல்ல ஓர் அறிஞர் இந்நேரம் கிளம்பியிருப்பார். அறுக்கலாம் ஐயா. ஒரு நூல் கூடுதலாக அறுத்துவிட்டால் நக்கிளில் ஊற்றுகிற எண்ணெயெல்லாம் டயரின் உட்பக்கத்தில் கோலம் போடும். அப்போது நீங்கள் வந்து துடைப்பீர்களா?

இதே அறிஞர்தான் ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றால் “பாக்ஸின் திருகை இறுக்கு” என்பார். இந்த வண்டியில் இருப்பது ராஸ் என்கிற வகை ஸ்டீயரிங் பாக்ஸ். சக்கரம் நேராக இருக்கும்போது பிடி சற்று இறுக்கமாகவும், திருப்பும்போது தளர்வாகவும் இருக்கும்படிதான் அதன் உள்ளே பின் ஓடுகிற காடியை வெட்டியிருக்கிறார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் முதலில் தேய்வது அந்த நடுப்பகுதி. அந்தத் தேய்மானத்தைத் திருகால் மறைத்தால் நேரே போகும்போது எல்லாம் சுகம். வளைவில் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிக்கொள்ளும். இன்னொருவர் இருக்கிறார்: சக்கரம் உதறினால் உதறலை அமுக்குகிற டேம்பர் மாட்டச் சொல்பவர். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்துகிற பெல் கிராங்கின் பின் தேய்ந்து, அதைச் சக்கரங்களோடு இணைக்கிற டை ராடு முனைகள் தொளதொளவென்று ஆடி, கிங் பின் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கும். இவர் மேலே ஒரு டேம்பரைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடுவார். நோயாளியின் வாயைப் பொத்திவிட்டுக் குணமாகிவிட்டது என்பது போன்ற வைத்தியம்.

சீல் இன்னும் அந்தப் பாதி ஓட்டையோடுதான் தொங்குகிறது. அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அதை விடுங்கள். போன முறை பஞ்சர் ஒட்டக் கொடுத்த இடத்தில், “இடதுபக்கச் சக்கரத்து நட்டுகளுக்கு இடமறை, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும்” என்று வாய் வலிக்கச் சொன்னேன். “எனக்குத் தெரியாத வண்டியா சார்?” என்று காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினானே ஒருவன்! நட்டு மாட்டுகிற ஸ்டட் ஒடிந்ததும், “வண்டி ரொம்பப் பழசு சார், துரு ஏறியிருக்கிறது” என்றான். பஞ்சருக்குக் காசும் வாங்கிக்கொண்டான்.