வேகம் குறைந்தால் பாட்டே வேறு

டிஜேக்கள் பாட்டின் வேகத்தை மாற்றுவது இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒட்டவைக்கத்தான் என்பார்கள். சரி, அது பாதிதான். பழகிய பாட்டையே புதிதாகக் கேட்க வைப்பதும் அந்த மாற்றம்தான்.

1980களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தில் பரவிய 'நியூ பீட்' என்ற நடன இசை இதற்கு நல்ல உதாரணம். நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டை 33-இல் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரை +8 சதவீதம் வரை தள்ளினார்கள். அப்போது தட்டு நிமிடத்துக்கு 36 முறை சுழலும், அதாவது அசல் வேகத்தில் 80 சதவீதம். நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள பாட்டு 96 ஆகிவிடும், சுருதியும் கிட்டத்தட்ட நான்கு அரைச்சுரம் இறங்கும். துள்ளிய பாட்டு கனத்துப்போய் நடக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ 1990களில் ஹிப் ஹாப் பாட்டுகளை இப்படி மெதுவாக்கி, கேசட் கேசட்டாக ஒரு பாணியையே உருவாக்கினார்.

வீட்டில் நானும் தட்டு சுழற்றுகிறேன். பத்து வருடமாகக் கேட்ட ஒரு 45-ஐ ஒருநாள் மறந்துபோய் 33-இல் ஓடவிட்டேன். பாடகி மூச்சு இழுக்கும் இடமும் ஸ்நேர் டிரம் அடிக்குப் பின்னால் நீளும் எதிரொலியும் அன்றுதான் காதில் விழுந்தன. அப்புறம் அசல் வேகத்தில் கேட்டாலும் அந்த மூச்சைத்தான் காது தேடுகிறது.

இப்போது டிஜே கருவிகளில் உள்ள 'கீ லாக்' வசதியைப் போட்டால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். கலக்கும்போது வசதிதான். ஆனால் புதிதாக டிஜே பழகுகிறவர்கள் முதலில் அதை அணைத்துவிட்டு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.