லென்ஸின் விலை அல்ல, விளிம்பு

"கண்புரை அறுவையில் விலை கூடின லென்ஸ் வைத்தால் புரை திரும்பவே வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எடுத்த புரை யாருக்கும் திரும்ப வருவதில்லை. புது லென்ஸைத் தாங்க விட்டுவைத்த, பழைய லென்ஸின் உறையான மெல்லிய பையின் ஓரத்தில் மிஞ்சிய செல்கள் பெருகி, பையின் பின்சுவரான பின்சவ்வில் படர்வதால்தான் பார்வை மறுபடி மங்குகிறது.

அதைத் தடுப்பதில் பெரும் பங்கு லென்ஸின் பின்விளிம்புக்கு. விளிம்பு உருண்டையாக இருந்தால் செல்கள் சுலபமாக உள்ளே நகர்ந்துவிடும். சதுரமாக வெட்டியிருந்தால் அது சவ்வை அழுத்தி மடிக்கும். செல்கள் அங்கேயே தடைபடும். 1990களில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அக்ரிசாஃப் லென்ஸ் வந்து மங்கல் குறைந்தபோது, அக்ரிலிக்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். ஜப்பானின் கண் மருத்துவர் நிஷியின் குழுவினர் முயல் கண்களில் அதே லென்ஸை விளிம்பு மழுக்கி வைத்துப் பார்த்தார்கள். தடுப்பு போய்விட்டது!

பொருளுக்கும் பங்கு உண்டு. நீரை ஈர்க்கும் அக்ரிலிக்கில் மங்கல் அதிகம், ஈர்க்காததில் குறைவு. ஆனால் சதுர விளிம்பு விலை உயர்ந்த லென்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப்பின் மலிவான, மடங்காத பிஎம்எம்ஏ (கெட்டி பிளாஸ்டிக்) லென்ஸிலேயே அந்த வகை உண்டு. மருத்துவர் பையின் முன்பக்கத்தைத் திறக்கும் வட்டம் லென்ஸின் ஓரத்தைச் சுற்றிலும் மூடுகிறதா என்பதும் முக்கியம்.

எந்த லென்ஸும் முழு உத்தரவாதம் தராது. சரி, மங்கினால்? யாக் என்ற வகை லேசரால் பின்சவ்வில் சிறு திறப்பு போடுவார்கள். சில நிமிட வேலை, லென்ஸை மாற்ற வேண்டியதில்லை.