மலையேறாத வண்டி

போன வாரம் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி டவுன்டவுனில் மெயின் ஸ்ட்ரீட் வழியாகப் போகிற ட்ராம், உள்ளே இரண்டே பேர். கீழே ஒரு வரி: "பதினஞ்சு கோடி டாலர் காலிப் பொட்டி." சிரிப்பு முகங்கள் நாற்பதாவது விழுந்திருக்கும். படம் போட்டவர் நல்ல நண்பர். அவர் வீட்டுப் பொங்கலுக்கு வருஷா வருஷம் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறவன் நான். அதனால் குழுவில் வாயைத் திறக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2013-ல், இந்த ட்ராமைப் போடலாமா வேண்டாமா என்று சண்டை நடந்தபோது, நானும் அந்தக் கட்சிதான். நகரத்துக்கு வடக்கே இருபது மைல் தள்ளி வீடு, கையில் விசா, அந்த நகரத்தில் ஓட்டும் கிடையாது, கட்டுகிற சொத்து வரியில் ஒரு சல்லி அங்கே போவதும் கிடையாது. ஆனாலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஸ்ட்ரீட்கார் (ட்ராமுக்கு இங்கே அதுதான் பெயர்) என்று யாராவது ஆரம்பித்தால் நான்தான் முதலில் குதிப்பேன். "பஸ் இருக்கும்போது தண்டவாளம் எதுக்கு?" இத்தனைக்கும் இந்த ஊர் பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறினதில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சண்டையில் குரல் உயர்த்தியவர்களில் எத்தனை பேர் என்னைப் போலப் புறநகரில் உட்கார்ந்துகொண்டு கத்தினோமோ!

இந்த ஊரைப் பார்க்காதவர்களுக்கு: ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு சமதளம், அதைச் சுற்றிலும் செங்குத்தான மேடுகள். சமதளத்தில் டவுன்டவுன். அதற்கு வடக்கே ஓவர்-தி-ரைன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடுவில் ஓடிய கால்வாயைத் தங்கள் ஊர் ரைன் நதி என்று வேடிக்கையாகச் சொல்லப்போய் அதுவே பேட்டையின் பெயராக நின்றுவிட்டது. மேட்டின் மேல் பல்கலைக்கழகமும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளும். டவுன்டவுனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வேலைக்குப் போகிற இடம் அந்த மேடுதான். இது ஞாபகத்தில் இருக்கட்டும், திரும்ப வருவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே ட்ராம் ஓடியது. மேட்டில் ஏற முடியாத வண்டியை ஒரு சாய்வு மேடையில் ஏற்றி, மேடையையே கம்பிவடத்தால் இழுத்து மேலே கொண்டுபோய் விட்டார்கள். ட்ராமே மலையேறிய காலம் அது. பிறகு அந்தக் காலமே மலையேறிவிட்டது. கடைசி சாய்வுப் பாதை 1948-ல் நின்றது, கடைசி ட்ராம் 1951 ஏப்ரலில். இன்னொரு கூத்தும் உண்டு. வற்றிப்போன கால்வாயின் படுகையில் சுரங்க ரயில் விடுவதற்கு 1916-ல் மக்கள் ஓட்டுப் போட்டு 60 லட்சம் டாலர் கடனுக்குச் சம்மதித்தார்கள். 1920-ல் வேலை தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி எகிற, பாதியில் பணம் தீர்ந்தது. சென்ட்ரல் பார்க்வே என்கிற பெரிய சாலைக்கு அடியில் அந்தச் சுரங்கமும் நிலையங்களும் இன்றும் இருக்கின்றன. ஒரே ஒரு ரயில்கூட ஓடியதில்லை. தண்டவாளம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை.

ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்த ஓவர்-தி-ரைன், 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எட்டாயிரத்துக்கும் கீழே வந்திருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் 19 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவனை, கையில் ஆயுதம் எதுவும் இல்லாதவனை, அந்தப் பேட்டைச் சந்து ஒன்றில் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஊர் கொந்தளித்தது, ஊரடங்கு போட்டார்கள். அதன்பின் 2003-ல் பெரிய கம்பெனிகளின் தலைமையாட்களும் மேயரும் சேர்ந்து த்ரீ-சி-டி-சி என்றொரு மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாழடைந்த கட்டடங்களை மொத்தம் மொத்தமாக வாங்கிப் புதுப்பித்தார்கள். வைன் ஸ்ட்ரீட்டில் மதுக்கூடம், உணவகம், மேலே பளபளப்பான வீடுகள். 2012-ல் வாஷிங்டன் பூங்கா புது அவதாரம் எடுத்தது. பேட்டைப் பிள்ளைகளின் கூடைப்பந்துத் திடலும் நீச்சல் குளமும் போய், தரையிலிருந்து தண்ணீர் பீச்சும் விளையாட்டு வந்தது. பக்கத்திலிருந்த வீடற்றோர் விடுதி 2015-ல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது.

இதற்கு நடுவில்தான் ஸ்ட்ரீட்கார் பேச்சு. மேயர் மார்க் மாலரி அதைத் தூக்கிப் பிடித்தார். எதிர்ப்பணி விசித்திரமான கூட்டணி. வரியும் செலவும் கூடாது என்று கொடிபிடிக்கும் கோஸ்ட் அமைப்பும், கறுப்பின மக்களுக்காக நிற்கிற என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையும் ஒரே பக்கம் நின்றன. ஒருவருக்குக் கஜானாக் கவலை. மற்றவருக்கு, பேருந்தை நம்பி வாழ்கிற தங்கள் சனங்களைக் கேட்காமல் யாருக்காகப் போடுகிறார்கள் இந்தத் தண்டவாளத்தை என்ற கேள்வி. இரண்டு முறை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள், 2009-ல் ஒன்று, 2011-ல் இன்னொன்று. இரண்டிலும் ட்ராம் தப்பியது, இரண்டாவதில் மயிரிழையில்.

ஆனால் உண்மையான அடி ஓட்டுப்பெட்டியிலிருந்து வரவில்லை. 2011-ல் மாநில ஆளுநர் ஜான் கேசிக் பொறுப்பேற்ற கையோடு, வருவதாக இருந்த ஏறக்குறைய 5.2 கோடி டாலரை மாநிலம் திரும்ப எடுத்துக்கொண்டது. பாதை குறுகியது. மேட்டின் மேல் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போக வேண்டிய பகுதி வெட்டப்பட்டது. ஆற்றங்கரைப் பகுதியும் போனது. பிறகு மத்திய அரசு போக்குவரத்துத் திட்டங்களுக்குத் தரும் டைகர் மானியம் ஆற்றங்கரையை மட்டும் மீட்டுத் தந்தது. மேடு போனது போனதுதான். சமதளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் 3.6 மைல் வளையம், 18 நிறுத்தங்கள். இன்றைக்குக் கிண்டலடிக்கிற அத்தனைக்கும் வேர் அந்த வெட்டில் இருக்கிறது. உடம்பில் காலை எடுத்துவிட்டு, ஏன் நொண்டுகிறாய் என்று கேட்கிறோம்.

2013 டிசம்பர் நாடகம் பலருக்கு நினைவிருக்கும். ட்ராமை நிறுத்துவேன் என்று சொல்லி ஜெயித்த ஜான் கிரான்லி மேயரானார். தண்டவாளம் கொஞ்சம் பதித்தாகிவிட்டது, வண்டிகளுக்கு ஆர்டரும் போயாகிவிட்டது. வேலையை நிறுத்திவைத்தார்கள். முடித்தால் எவ்வளவு, கைவிட்டால் எவ்வளவு என்று தணிக்கை போட்டார்கள். டிசம்பர் 19 நள்ளிரவுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஏறக்குறைய 4.5 கோடி டாலர் மத்திய மானியம் போய்விடும் என்று கெடு. ஓட்டும் செலவுக்குப் பத்து வருஷத்துக்கு 90 லட்சம் டாலர் தருகிறோம் என்று ஒரு தனியார் அறக்கட்டளை முன்வந்தது. கடைசி நாளில் நகர மன்றத்தில் 6-க்கு 3. வேலை தொடர்ந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று வண்டி ஓடியது. மொத்தச் செலவு 14.8 கோடி டாலர். நண்பரே, கணக்கில் உங்களோடு சண்டையில்லை.

என் சண்டை அதை விற்ற விதத்தோடு. "ட்ராம் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும், கட்டடம் எழும்பும், வரி கொட்டும்" என்றுதான் ஆதரவாளர்கள் சொன்னார்கள். முன்பே ட்ராம் விட்ட போர்ட்லண்ட் நகரத்தைப் பார், தண்டவாளத்தை ஒட்டி எத்தனை மாடிவீடுகள் பார் என்றார்கள். யார் ஏறுவார்கள், எங்கே போவார்கள் என்பது இரண்டாம் பட்சம். ஆனால் 2016-ல் வண்டி வந்தபோது வைன் ஸ்ட்ரீட் ஏற்கனவே மாறி முடிந்திருந்தது. இப்போது இந்தக் கட்டடம் ட்ராமால் வந்ததா, த்ரீ-சி-டி-சி-யால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எதிரணியும் அதே தராசைத்தான் பிடித்தது: "போட்ட காசு வந்ததா?" பேருந்து நிறுத்தத்தில் பனியில் நிற்கிறவள் எந்தத் தட்டிலும் இல்லை. 2002-க்கும் 2015-க்கும் இடையில் ஓவர்-தி-ரைனில் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியான வீடுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இல்லாமல் போயிற்று. வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தது இது. ஆகவே பழியை ட்ராம் மேல் போட மாட்டேன். ஆனால் பழைய குடிகள் காலிசெய்த தெருவில், புதுக் குடிகளுக்கு வண்டி விட்டதாகப் பேட்டைக்காரர்களுக்குத் தோன்றினால், இல்லை என்று என்னால் வாதாட முடியாது.

சரி, நான் எப்படிக் கட்சி மாறினேன்? அம்மாவால்.

நம் ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்கு அமெரிக்கப் புறநகர் என்பது வசதியான ஜெயில் என்பதை நாம் யாரும் வெளியே சொல்வதில்லை. காரோட்டத் தெரியாது, நடைபாதை பாதித் தெருவோடு முடிந்துவிடும், நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் ஜன்னல் வழியாக மான் பார்ப்பதுதான் பொழுது. 2022-ல் வந்தபோது அம்மா, ரேஸ் ஸ்ட்ரீட்டில் வீடு எடுத்திருந்த சித்தி மகனோடு இரண்டு வாரம் தங்கினார். மூன்றாம் நாள் போன் செய்தேன். "நான் மார்க்கெட்ல இருக்கேன்டா" என்றார். ஃபின்ட்லே மார்க்கெட், 1850-களிலிருந்து இருக்கும் சந்தை. தனியாக ட்ராமில் போயிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படிம்மா? வழி தெரியாமப் போனா?"

"இதுல எங்கடா வழி தெரியாமப் போறது? தூங்கிட்டாக்கூட சுத்திட்டு ஏறின எடத்துக்கே வந்து விட்டுடுது."

எந்த வளையத்தைப் பொறியாளர்கள் குறை சொல்கிறார்களோ, அதே வளையம் ஆங்கிலம் தெரியாத ஒரு அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, சீட்டு. ஆரம்பத்தில் ஒரு டாலர் கட்டணம். இயந்திரத்தில் அட்டை தேய்த்துச் சீட்டு எடுக்க வேண்டும் என்றால் அம்மா ஏறியே இருக்க மாட்டார். கொரோனாவுக்குப் பின் 2020 செப்டம்பரில் வண்டி மறுபடி ஓடியபோது கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அதுவே நிலைத்தது. அதன்பின்தான் கூட்டம் ஏறியது. 2023-ல் ஒரு வருஷப் பயணங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. கால்பந்தாட்டம் நடக்கும் மாலையில் வந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. (செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நம் வீட்டு ஆறு வழிச் சாலையும் காலிதான். அதைப் படம் பிடித்து யாரும் குழுவில் போடுவதில்லை.)

கிளம்பும் முன் அம்மாவுக்கு முட்டிவலி பார்க்க மேட்டின் மேலுள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன். ஏறும்போது கேட்டார், "நம்ம வண்டி இங்க வராதா?"

"வராதும்மா."

"ஏன்?"

"மேல வரைக்கும் போடக் காசு தரல."

"கீழ இருக்கிறவங்க மார்க்கெட்டுக்கு நடந்தே போயிடலாம். இந்த மேட்டுக்குத்தானே வண்டி வேணும்?"

2007-லிருந்து செய்த ஆய்வறிக்கைகளைக் கூட்டினால் எத்தனை பக்கம் வருமோ!

கன்சாஸ் சிட்டியைப் பாருங்கள். அதே 2016-ல், மே மாதம் அங்கே ட்ராம் தொடங்கியது. 2.2 மைல்தான். ஆனால் ஊரின் முதுகெலும்பான மெயின் ஸ்ட்ரீட்டில் நேர்க்கோடு, முதல் நாளிலிருந்தே இலவசம். தண்டவாளத்தை ஒட்டிய பகுதிக்குத் தனி வரி வட்டாரம் அமைத்து, வரி கட்டப்போகிறவர்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். என்னைப் போலப் புறநகர்க்காரனுக்கு அங்கே வேலையே இல்லை. 2025-ல் தெற்கே பல்கலைக்கழகம் வரைக்கும் நீட்டிவிட்டார்கள். நேர்க்கோட்டை நீட்டலாம். வளையத்தை எங்கே பிடித்து நீட்டுவது?

காசு இல்லை என்பார்கள். இதே சின்சினாட்டி நகரம் 1880-லிருந்தே, டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரம் வரை போகிற 337 மைல் ரயில்பாதைக்குச் சொந்தக்காரனாக இருந்தது. நகராட்சி வைத்திருந்த ரயில்பாதை! அதை நார்ஃபோக் சதர்ன் கம்பெனிக்கு 160 கோடி டாலருக்கு விற்க 2023 நவம்பரில் மக்கள் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தின் வருமானம் இருக்கிற சாலை, பாலம், கட்டடங்களைச் செப்பனிட மட்டும்தான், புதிதாக எதுவும் போட முடியாது என்பது நிபந்தனை. ரயிலை விற்ற காசில் தார் ஊற்றலாம், ஒரு அடி புதுத் தண்டவாளம் போட முடியாது.

மேட்டுக்கு நாளைக்கே தண்டவாளம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேருந்துக்கென்று 2020-ல் மாவட்டமே விற்பனை வரி போட்டுக்கொண்டது. அதில் விரைவுப் பேருந்து நன்றாக ஓடி, மேட்டையும் ட்ராமையும் ஒரே நிறுத்தத்தில் சேர்த்துவிட்டால் அம்மாவுக்கு அதுவே போதும். வண்டியின் வயிற்றில் டீசலா மின்சாரமா என்று அவர் பார்க்கப்போவதில்லை. அதுவரை இருக்கிற வண்டியாவது நேரத்துக்கு வரட்டும். தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று காபி வாங்கப் போகிறவனைத் தூக்க ஒரு இழுவை வண்டி தயாராக நின்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

நண்பரே, ஜூனில் உங்கள் அப்பா வருகிறார் என்று சொன்னீர்கள். அம்மாவும் அப்போது இங்கேதான். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரை ஆற்றங்கரை நிறுத்தத்தில் கொண்டுவந்து விடுங்கள். சீட்டு வேண்டாம், ஒரு துணிப்பை மட்டும் கொடுத்தனுப்புங்கள். மார்க்கெட்டில் அம்மா இறக்கிவிடுவார், பேரம் பேச விடமாட்டார்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.