கரும்புச் சக்கையும் பிளாட்டினமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. கரும்புச் சக்கையைக் கரியாக்கி நைட்ரஜன் ஏற்றினால் போதுமாம், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலனில், வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாக இனி பிளாட்டினமே வேண்டாமாம், பிளாட்டினம் தோண்டும் ரஸ்டன்பர்க் சுரங்கங்களுக்குப் பூட்டுதானாம். வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாதி உண்மை.

உண்மையான பாதி அருமையானது. சக்கையோடு யூரியாவோ மெலமினோ கலந்து, காற்றுப் புகாத உலையில் 700 முதல் 900 டிகிரி வரை சுட்டால், சில கார்பன் அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்துகொள்ளும். அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்க, பக்கத்துக் கார்பனில் லேசான நேர்மின்சுமை வரும். ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டும், அது தண்ணீராக மாறும் வினை அங்கே நடக்கும். 2009இல் லிமிங் தாய் (Liming Dai) என்ற ஆய்வாளரின் குழுவினர் நைட்ரஜன் ஏற்றிய கார்பன் நானோகுழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தையே முந்துவதைக் காட்டினார்கள்.

அந்தக் 'காரக் கரைசலில்' என்பதைத்தான் வாட்ஸ்அப் முழுங்கிவிட்டது. இன்றைய எரிபொருள் கலன் கார்களில் இருப்பது அமிலச் சவ்வு. அமிலத்தில் இந்தக் கரி நன்றாகவே பின்தங்கும். ரஸ்டன்பர்க் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. 'உலோகமே இல்லாத வினையூக்கி' என்று எழுதுகிறார்களே, அளந்து பார்த்தார்களா? கரும்பு மண்ணிலிருந்து இரும்பை எடுக்கிறது, ஆலை உருளைகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். நைட்ரஜனோடு பிணைந்த இரும்பு துளி இருந்தாலும் பெரிய வேலை செய்துவிடும். அமிலத்தில் கழுவிவிட்டோம் என்பார்கள். கார்பன் அடுக்குக்குள் சிக்கியது அவ்வளவு சுலபமாக வெளியே வராது. பிளாட்டினத்தை முடக்கிவிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தியும் வேகம் குறையவில்லை என்று வரைபடம் காட்டுவார்கள். அது பிளாட்டினம் இல்லை என்பதற்குத்தான் சாட்சி, இரும்பு அந்த வாயுவுக்கு அசையாது. துளி உலோகத்தையும் அளந்து காட்டும் ஐசிபி-எம்எஸ் அளவீடு எங்கே? இரும்பை முடக்கிப் பார்க்கும் சயனைடு சோதனை எங்கே? 2020இல் மார்ட்டின் புமேரா என்ற வேதியியலாளரின் குழு, ஓரணு தடிமன் கார்பன் தாளான கிராஃபீனில் பறவை எச்சத்தைப் போட்டே வினையூக்கத் திறனைக் கூட்டிக் காட்டியது. கிண்டல்தான், ஆனால் முறையான ஆய்விதழிலேயே வந்தது. எச்சத்துக்கே அந்த மரியாதை என்றால் 'எங்கள் ஊர்ச் சக்கை' என்ற பெருமை எதற்கு?

அப்புறம், சக்கை ஒன்றும் இலவசக் குப்பை இல்லை. ஆலைகள் அதைக் கொதிகலனில் எரிக்கின்றன.

என்னைக் கேட்டால், பிளாட்டினத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு பக்கம் போகலாம். ஆக்சிஜனைத் தண்ணீர் வரை கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தினால் கிடைப்பது அது. தகுந்தபடி தயாரித்த கார்பனுக்கு அது நன்றாக வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் டேங்கரை நம்பி இருந்தார்கள். உடைந்த நிலையத்தை எந்தக் கரியும் கட்டித் தராது, சரி. ஆனால் காற்று, தண்ணீர், கொஞ்சம் சூரிய மின்சாரம், ஒரு கார்பன் மின்முனை இவற்றை வைத்து, தொட்டித் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் அளவுக்கு அங்கேயே பெராக்சைடு தயாரிக்க முடியுமா என்று பார்ப்பதற்கு நம் ஆய்வகங்கள் காசும் நேரமும் செலவழிக்கலாம்.