ஒரே பேரில் ஐந்து ஸ்டேஷனா?

நியூயார்க் சப்வேயில், அதாவது சுரங்க ரயிலில், யாராவது "23வது தெரு ஸ்டேஷன்ல நிற்கிறேன், வா" என்று சொன்னால் எங்கே போவது? நகரின் மன்ஹாட்டன் பகுதியில் அந்தப் பேரில் ஐந்து ஸ்டேஷன்கள் இருக்கின்றன, அந்தத் தெருவைக் குறுக்கே வெட்டும் வெவ்வேறு அவென்யூக்களில் (நீளமான பெருஞ்சாலைகளில்)! ஒன்றுக்கொன்று இணைப்பு கிடையாது. தவறான ஒன்றில் இறங்கினால் மேலே ஏறி, அவென்யூ அவென்யூவாக நடக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவர், வயதானவர், பெட்டியோடு வருகிறவர் என்ன செய்வார்கள்?

காரணம் தெரியாமல் இல்லை. 1904-இல் தொடங்கிய சப்வேயைத் தனித்தனி நிறுவனங்கள் நடத்தின. பிறகு நகராட்சியும் சொந்தமாகப் பாதை போட்டது. அவரவர் குறுக்கே வந்த தெருவின் பேரை அவரவர் ஸ்டேஷனுக்கு வைத்துக்கொண்டார்கள். சரி, 1940-இல் எல்லாம் நகரத்தின் கைக்கு வந்துவிட்டதே, அப்போதாவது மாற்றியிருக்கலாம் இல்லையா?

லண்டனிலும் இதே கதைதான். 1863-இல் ஒரு எட்ஜ்வேர் ரோடு, 1907-இல் பக்கத்திலேயே இன்னொரு எட்ஜ்வேர் ரோடு. இது போதாதென்று வடக்கே வெகுதூரத்தில் எட்ஜ்வேர் என்றே ஒரு கடைசி ஸ்டேஷன். அதே லண்டனில் ஏஞ்சல், எலிஃபன்ட் அண்ட் காசில் என்று பழைய விடுதிகளின் பேரை வைத்த ஸ்டேஷன்களும் உண்டு. எவ்வளவு அழகான பேர்கள், ஒரு தடவை கேட்டால் மறக்காது!

பேரை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. லண்டனின் கில்லஸ்பி ரோடு ஸ்டேஷன் 1932-இல் ஆர்சனல் கால்பந்து அணிக்காக ஆர்சனல் ஆனது. அணிக்காக மாற்றலாம், பயணிக்காக மாற்றக் கூடாதா? அவென்யூவின் பேரையும் ஸ்டேஷன் பேரோடு சேர்த்துவிடுங்கள், அது போதும்.